மூன்று முறை இரண்டாம் சுற்றில் தோற்றவர்: மாலி நாட்டின் சுமாய்லா சிசே பற்றி ஒரு கேள்வி

கேள்வி (காரைக்குடி, ஆசிரியை)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தெருவில் ஒரு பெரிய வீட்டு முகப்புப் பட்டாலையில் மாதம் ஒருமுறை வாசகர் வட்டம் கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் மேற்கு ஆப்பிரிக்க அரசியல்வாதி ஒருவரைப் பற்றி நான் பேச வேண்டும். மாலி நாட்டின் சுமாய்லா சிசேயைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். 1993 முதல் 2002 வரை அமைச்சராக இருந்தவர், 2002, 2013, 2018 ஆகிய மூன்று குடியரசுத் தலைவர் தேர்தல்களிலும் இரண்டாம் சுற்று (முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு கிடைக்காதபோது முதலிரு வேட்பாளர்களுக்கு இடையே நடக்கும் சுற்று) வரை வந்து தோற்றவர், கடைசி ஆண்டுகளில் எதிர்க்கட்சித் தலைவர் என்று அறியப்பட்டவர் என்பது வரை படித்துவிட்டேன்.

எங்கள் வட்டத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர், இவரை எதிர்க்கட்சித் தலைவர் என்று அழைப்பதே பொருந்தாது என்றும், நாற்காலி கிடைக்காமல் போன ஆளுங்கட்சிக்காரர் என்றுதான் சொல்ல வேண்டும் என்றும் அடித்துப் பேசுகிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் அவருக்கு எடுத்துச் சொல்ல என்னிடம் போதிய செய்தி இல்லை. விவரம் தெரிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

மறுமொழி (தேவகோட்டை, ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்)

அம்மா, நல்ல மனிதரைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். உங்கள் மூத்தவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.

சிசே தெருவில் முழக்கமிட்டுத் தலைவரானவர் அல்லர். 1949 டிசம்பர் 20 அன்று திம்பக்துவில் பிறந்து, டக்காரிலும் பிறகு பிரான்சின் மோன்பெலியேயிலும் படித்துக் கணினிப் பொறியாளரானவர். ஐபிஎம், தாம்சன் போன்ற நிறுவனங்களில் வேலை பார்த்துவிட்டு 1984-ல் தாய்நாடு திரும்பி, அரசின் பருத்தி நிறுவனத்தில் சேர்ந்தார். 1991 மார்ச்சில் மூசா திராவோரேயின் நீண்ட ஆட்சி வீழ்ந்து, மறு ஆண்டு தேர்தலில் அதெமா கட்சியின் அல்ஃபா உமர் கொனாரே குடியரசுத் தலைவரானபோது, அவருடைய மாளிகையின் தலைமைச் செயலாளராக அமர்ந்தவர் சிசே. அடுத்த ஆண்டே நிதியமைச்சர்.

இங்கே உங்கள் வட்டத்தினர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1994 பிப்ரவரி முதல் 2000 வரை மாலியின் பிரதமராக இருந்தவர் இப்ராஹிம் பூபக்கர் கெய்ட்டா. அதாவது, பின்னாளில் இரண்டு முறை சிசேயைத் தோற்கடித்த அதே கெய்ட்டாவின் அமைச்சரவையில்தான் சிசே ஆறாண்டுக் காலம் நிதிப் பொறுப்பு வகித்தார். ஒரே கட்சி, ஒரே மேசை. கெய்ட்டா 2000-ல் அதெமாவை விட்டு விலகி, மறு ஆண்டு தனிக்கட்சி கண்டார். 2002 தேர்தலில் அதெமாவின் வேட்பாளராக நின்ற சிசே முதல் சுற்றில் கெய்ட்டாவை மயிரிழையில் முந்தி இரண்டாம் இடம் பெற்றார். ஆனால் இரண்டாம் சுற்றில் முன்னாள் படைத்தலைவர் அமது துமானி தூரேயிடம் ஏறத்தாழ 65-க்கு 35 என்ற விழுக்காட்டில் தோற்றார். சொந்தக் கட்சிக்காரர்களே தமக்கு முழுமனதோடு உழைக்கவில்லை என்ற மனக்கசப்பில், அவரும் அவருடைய ஆதரவாளர்களும் 2003-ல் 'குடியரசு மற்றும் மக்களாட்சி ஒன்றியம்' என்ற புதுக் கட்சியைத் தொடங்கினார்கள்.

ஆகவே தோல்விதான் அவரைப் பிரித்தது, கொள்கை அன்று, என்று உங்கள் மூத்தவர் சொன்னால் மறுக்க முடியாது. புதுக் கட்சி கண்ட கையோடு அவர் எதிரணி அரசியலில் இறங்கவும் இல்லை. 2004 முதல் 2011 வரை எட்டு நாடுகளைக் கொண்ட மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதார, நாணய ஒன்றியத்தின் ஆணையத் தலைவராக உவாகடூகு நகரில் இருந்தார். அவர் உண்மையான எதிர்க்கட்சித் தலைவரானது 2013-க்குப் பிறகுதான் என்பது என் கருத்து.

மறுமொழி (பள்ளத்தூர், பருத்திக் கொள்முதல் செய்பவர்)

ஆசிரியர் ஐயா பருத்தி நிறுவனத்தை ஒரே வரியில் கடந்துவிட்டார். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நான் ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைகளுக்குப் பஞ்சு பார்த்து வாங்குகிறவன். மாலிப் பஞ்சும் எங்களிடம் வருவதுண்டு. பேலை (பஞ்சுப் பொதியை) பிரித்து ஒரு பிடி எடுத்து, இரு கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இழுத்து, மடித்து, மறுபடி இழுத்து இழை நீளம் பார்க்கும்போது, அது கையால் பறித்த பஞ்சு என்பது தெரிந்துவிடும். எந்திரம் பறித்த பஞ்சில் காணும் இலைத்தூள் அதில் அவ்வளவு இருக்காது.

அந்த நாட்டில் விதையும் உரமும் உழவருக்குக் கடனாகக் கொடுத்து, முன்கூட்டியே அறிவித்த விலையில் பருத்தியை வாங்கி, கொட்டை நீக்கி, வெளிநாட்டுக்கு விற்பது எல்லாம் அந்த ஒரே நிறுவனம்தான். தெற்கே சிக்காசோ, கூட்டியாலா பக்கத்துச் சிற்றூர்களுக்கு அரசாங்கம் என்றாலே அந்த நிறுவனம்தான் என்றால் மிகையாகாது. சிசே அந்தக் கணக்குகளுக்கு உள்ளிருந்து வந்தவர்.

அவர் நிதியமைச்சரான சில மாதங்களிலேயே பெரிய அடி விழுந்தது. 1994 ஜனவரி 11 அன்று பிராங்கு மண்டல நாடுகளின் (மாலி உள்ளிட்ட, சிஎஃப்ஏ பிராங்கு என்ற நாணயம் வழங்கும் ஆப்பிரிக்க நாடுகளின்) தலைவர்கள் டக்காரில் கூடி, பல பத்தாண்டுகளாக ஒரு பிரெஞ்சு பிராங்குக்கு 50 என்று நின்ற சிஎஃப்ஏ பிராங்கை 100 என்று மாற்றினார்கள். பருத்தி விற்கும் நாட்டுக்கு இது ஆதாயம். அதே பேலுக்கு உள்நாட்டுப் பணத்தில் இரட்டிப்பு வரும். ஆனால் உழவருக்குக் கொடுத்த விலை இரட்டிப்பாகவில்லை, உர விலையோ ஏறிவிட்டது. தலைநகர் பமாக்கோவில் மருந்தும் எரிபொருளும் வாங்குகிறவருக்குக் கையிலிருந்த பணம் பாதியாகிவிட்டது. பிப்ரவரியில் அப்போதைய பிரதமர் பதவி விலக, அந்த இடத்துக்குத்தான் கெய்ட்டா வந்தார். முடிவு பல நாடுகள் சேர்ந்து எடுத்ததுதான். ஆனாலும் அதன் சுமையை உள்ளூரில் தாங்கும் நிதியமைச்சரை எந்த மக்கள் கொண்டாடுவார்கள்? பின்னாளில் அவருக்கு வாக்கு குறைந்ததற்கு இதுவும் ஒரு வேர் என்று நான் நினைக்கிறேன்.

மறுமொழி (கானாடுகாத்தான்)

பள்ளத்தூர் அண்ணன் சொன்னது எங்கள் வீட்டுப் பெண்களுக்கு உடனே விளங்கும். பர்மாவுக்குக் கொண்டுவிக்க (தொழில் செய்ய) போன எங்கள் ஐயா விட்டுச்சென்ற மரப்பெட்டியில் ஒரு கட்டு ஜப்பான் நோட்டு இன்னமும் இருக்கிறது. போர் முடிந்ததும் அது செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். நோட்டின் பின்பக்கத்தில் ஐயா பென்சிலால் கூட்டிப் பார்த்த கணக்கு அழியாமல் இருக்கிறது. மாலியில் நடந்தது அதைப்போல முழு இழப்பு அன்று, பாதிதான். இருந்தாலும் கூட்டத்தில் நாணய மதிப்பைச் சொல்லும்போது எண்ணோடு நிறுத்திவிடாமல், சம்பளக்காரர் வீட்டுச் செலவாக அதைச் சொல்லுங்கள் அம்மா.

மறுமொழி (கோட்டையூர்)

எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. 2013 ஆகஸ்டில் கெய்ட்டா 77 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்றபோது, அதிகாரப்பூர்வ முடிவு வெளிவரும் முன்பே சிசே தம் மனைவி மக்களோடு இரவில் கெய்ட்டாவின் வீட்டுக்குச் சென்று வாழ்த்தினார். 2018-லோ, 67-க்கு 33 என்ற முடிவை ஏற்க மறுத்து ஊர்வலம் நடத்தினார். ஒருமுறை வீடு தேடி வாழ்த்தியவர் அடுத்த முறை முடிவையே செல்லாது என்றால், அதை நெறி என்று எப்படிச் சொல்வது?

மறுமொழி (தேவகோட்டை, ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்)

நியாயமான கேள்வி. ஆனால் இரண்டு தேர்தலையும் ஒரே தட்டில் வைக்கலாகாது. 2012 மார்ச்சில் படையினர் ஆட்சியைப் பிடித்தார்கள். அடுத்த மாதமே சிசேயின் வீட்டுக்குள் ஆயுதம் தாங்கியோர் புகுந்ததில் அவர் காயமடைந்து, சிகிச்சைக்குப் பிரான்சு செல்ல நேர்ந்தது. வடபகுதி முழுவதும் ஆயுதக் குழுக்களின் கைக்குப் போய்விட்டது. அப்படிச் சிதைந்த நாடு மீண்டும் நடத்திய முதல் தேர்தலில், வெற்றி யாருக்கு என்பதில் ஐயமே இல்லாதபோது, முடிவை நீதிமன்றத்துக்கு இழுப்பதைவிட எதிராளியின் வாசலுக்குப் போவதே நாட்டுக்கு நல்லது என்று அவர் முடிவு செய்தார். நம் ஊரில் பங்காளிச் சண்டைக்கு நடுவிலும் கோயில் காரியத்துக்கு ஒன்றாக நிற்பார்களே, அந்தப் பண்பைத்தான் நான் அதில் காண்கிறேன்.

அதற்காக அவர் அடங்கிப்போகவில்லை. நியாஃபுங்கே தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்று எதிரணிக்குத் தலைமை ஏற்றார். எதிர்க்கட்சித் தலைவர் என்ற நிலைக்கே 2015-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு முறையான தகுதி கிடைத்தது. 2017-ல் அரசமைப்பை மாற்ற கெய்ட்டா கொண்டுவந்த பொதுவாக்கெடுப்பை எதிர்த்து மக்கள் திரண்டபோது சிசேயும் எதிர்த்து நின்றார். ஆகஸ்டில் கெய்ட்டா அதைத் தள்ளிவைத்தார். 2018-ல் நூற்றுக்கணக்கான வாக்குச்சாவடிகள் திறக்கவே இல்லை. இரண்டாம் சுற்றில் வாக்களித்தோர் 34 விழுக்காட்டளவுதான். அத்தகைய தேர்தலைக் கேள்வி கேட்பது எதிர்க்கட்சித் தலைவரின் கடமை என்றே நான் கருதுகிறேன். முறைகேடு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபடலாம்.

கேள்வியாளர் (காரைக்குடி)

எல்லோருக்கும் மிக்க நன்றி. மூத்தவரிடம் பேச இப்போது துணிவு வந்துவிட்டது. சிசேயின் இறுதி ஆண்டைப் பற்றியும் யாராவது சொன்னால் பேச்சை நிறைவு செய்துவிடுவேன்.

மறுமொழி (பள்ளத்தூர், பருத்திக் கொள்முதல் செய்பவர்)

2020 மார்ச் 25 அன்று, நாடாளுமன்றத் தேர்தலுக்கு நான்கு நாள் இருக்கும்போது, தம் தொகுதியில் வாக்குக் கேட்டுச் சென்றவரை ஆயுதக் குழுவினர் வழிமறித்துக் கடத்தினார்கள். உடன் சென்ற மெய்க்காவலர் உயிரிழந்தார். மாலியில் முதல் கொரோனா நோயாளிகள் கண்டறியப்பட்டதாக அறிவித்ததும் அதே நாள்தான். அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாத நிலையிலும் நியாஃபுங்கே மக்கள் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். என் மனத்தை மிகவும் தொட்ட செய்தி அதுதான்.

அவர் சிறைப்பட்டிருந்த காலத்திலேயே பமாக்கோவில் மக்கள் கிளர்ச்சி மூண்டு, ஆகஸ்ட் 18 அன்று கெய்ட்டாவைப் படையினர் இறக்கினார்கள். வெளியில் இருந்திருந்தால் அடுத்த ஆட்சியைப் பற்றிய பேச்சில் முதல் பெயர் இவருடையதாக இருந்திருக்கும். ஆறரை மாதத்துக்குப் பிறகு, அக்டோபர் 8 அன்று, பிரெஞ்சுப் பெண்மணி ஒருவருடனும் இத்தாலியர் இருவருடனும் சேர்த்து அவரை விடுவித்தார்கள். ஈடாக ஏறத்தாழ 200 கைதிகளை அரசு வெளியில் விட்டது. டிசம்பர் 25 அன்று, பிரான்சில் சிகிச்சை பெற்றுவந்த இடத்தில், அதே கொரோனாவால் அவர் இறந்தார். 71 வயது நிறைந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது.

கூட்டத்துக்குப் போகும்போது நைஜர் ஆற்றின் படம் ஒன்றைப் பெரிதாக எடுத்துச் செல்லுங்கள் அம்மா. பமாக்கோவிலிருந்து ஆற்றோடு விரலை நகர்த்திக்கொண்டே போனால், திம்பக்துவுக்குச் சற்று முன்னால் நியாஃபுங்கே வரும்.