கலைச்சொல்: ‘கன்சர்வேஷன் ஈஸ்மென்ட்’ – நிலக்காப்புப் பாத்தியம்?

அன்பு நண்பர்களுக்கு,

நிலம் வீட்டுமனையாகாமல் காக்க, மனை பிரிக்கும் உரிமையை மட்டும் உரிமையாளர் ஓர் அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுக்கும் ஏற்பாடுதான் ‘கன்சர்வேஷன் ஈஸ்மென்ட்’. அதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். குழுவில் வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

> ஈஸ்மென்ட்டுக்கு ‘வசதியுரிமை’ என்ற சொல் இருக்கிறதே. முன்னால் ‘பாதுகாப்பு’ என்று சேர்த்தால் போதாதா?

போதாது ஐயா. வசதியுரிமை என்றதும் என் வயலுக்குப் போக உங்கள் வரப்பில் நடக்கும் உரிமைதான் நினைவுக்கு வருகிறது. 1882ஆம் ஆண்டின் இந்திய ஈஸ்மென்ட் சட்டமும் அப்படித்தான் வரையறுக்கிறது: என் நிலத்தை நன்றாக அனுபவிக்க, பிறர் நிலத்தின் மேல் எனக்குள்ள உரிமை. நாம் பெயர் தேடும் பொருளில் அந்த ‘என் நிலமே’ தேவையில்லை.

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே பாலம் தாண்டினால் மரின் கவுன்ட்டி. மேய்ச்சல் குன்றுகளும் பால்பண்ணைகளும் உள்ள பகுதி. அந்த நிலங்கள் வீட்டுமனைகளாகிவிடக் கூடாது என்று 1980இல் எல்லன் ஸ்ட்ராஸ் என்ற பால்பண்ணைக்காரரும் ஃபிலிஸ் ஃபேபர் என்ற உயிரியலாளரும் மரின் வேளாண் நில அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். இந்த அறக்கட்டளை பொதுவாக நிலத்தை வாங்குவதில்லை. மனை போட்டால் என்ன விலை போகும், பண்ணையாகவே இருந்தால் என்ன விலை போகும் என்று மதிப்பிட்டு, அந்த வித்தியாசத்தைக் கொடுத்து, மனை பிரிக்கும் உரிமையை மட்டும் எழுதி வாங்குகிறது. விருப்பமுள்ளவர்தான் எழுதிக்கொடுக்கிறார், கட்டாயம் இல்லை. நிலமும் மாடும் அவருடையதே. விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். ஆனால் அந்தக் கட்டு அடுத்தவரையும் தொடரும். இப்படி 50,000 ஏக்கருக்கு மேல் காப்பாற்றியிருக்கிறார்கள்!

அறக்கட்டளைக்குப் பக்கத்தில் சொந்த நிலம் இருக்கவேண்டியதில்லை என்பதால் ஆங்கிலேயப் பொதுச் சட்டத்திலும் இது சிக்கலானது. அதனால்தான் அமெரிக்க மாநிலங்கள் பின்பற்ற 1981இல் தனி மாதிரிச் சட்டம் எழுதினார்கள். ஆங்கிலமே இழுத்துப் பிடித்துப் பொருத்திய சொல்லை நாம் அப்படியே மாற்றிப் போடவேண்டியதில்லை.

என் முன்மொழிவு: நிலக்காப்புப் பாத்தியம். கிணற்றுப் பாத்தியம், நடைபாதைப் பாத்தியம் என்று பேசிப் பழகியவர்கள் நாம். நிலம் ஒருவர் பெயரில், பாத்தியம் இன்னொருவருக்கு என்றால் விவசாயிக்கு உடனே விளங்கும். மேல்வாரம் (நிலக்காரர் பங்கு), குடிவாரம் (உழுபவர் பங்கு) என்று ஒரே வயலில் இரண்டு உரிமைகளைப் பிரித்துப் பார்த்த மொழிதானே இது.

> பாத்தியம் வடசொல். ‘நிலக்காப்புரிமை’ என்றால் என்ன?

எனக்கும் முதலில் அதுதான் பிடித்தது. ஆனால் ‘காப்புரிமை’யைப் பேடன்டுக்கும் காப்பிரைட்டுக்கும் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். நிலக்காப்புரிமை என்று படிப்பவருக்கு யாரோ நிலத்துக்குப் பேடன்ட் வாங்கியதாகவே தோன்றும்.

‘வில்லங்கம்’ என்றும் ஒரு யோசனை வந்தது. பொருள் சரிதான், நிலத்தின் மேல் ஏறி நிற்கும் கட்டு அது. ஆனால் ஒரு குடும்பம் மனமுவந்து எழுதிக்கொடுப்பதை வில்லங்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம், ‘டெவலப்மென்ட் ரைட்ஸ்’. இதுவரை ‘மேம்பாட்டு உரிமை’ என்று எழுதி வந்தோம். இதை மாற்றியே ஆகவேண்டும். மேய்ச்சல் புல்லைக் கான்கிரீட்டால் மூடுவதற்கு மேம்பாடு என்று நாமே பெயர் வைத்தால், பண்ணைக்காரரின் வழக்கு முதல் வரியிலேயே தோற்றுவிடும். ‘மனையாக்க உரிமை’ என்பதே நேர்மையான சொல்.

‘பெர்பெச்சுவல்’ என்பதையும் முடிவு செய்யவேண்டும். இந்தப் பாத்தியத்தை விலையின்றிக் கொடையாகத் தருவோருக்கு அமெரிக்க வருமான வரியில் கழிவு உண்டு, ஆனால் காலவரையின்றி எழுதிக்கொடுத்தால்தான். நம் கல்வெட்டுகளில் நிலக்கொடைகள் ‘சந்திராதித்தவரை’ நிற்கின்றன, நிலவும் கதிரும் உள்ளவரை. ஆவணத்துக்கு ‘நிரந்தர’ போதும். விளக்கக் குறிப்பில் அந்தப் பழஞ்சொல்லையும் சேர்க்க ஆசைப்படுகிறேன்.

குழுவில் பத்திரம் எழுதும் அனுபவம் உள்ளவர்கள் ஒன்று சொல்லவேண்டும்: நிலக்காப்புப் பாத்தியத்தை ‘எழுதிக்கொடுக்கிறார்’ என்பதா, ‘விட்டுக்கொடுக்கிறார்’ என்பதா? உரிமை அறக்கட்டளைக்குப் போய்ச் சேருவதால் முதலாவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.