டாக்ரோலிமஸும் நடவு வயலும்: புதுப்பிப்பு

சிறுநீரக மாற்று அறுவைக்குப் பிறகு, உடல் புதுச் சிறுநீரகத்தை எதிர்க்காதபடி எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை சாப்பிடும் அப்பாவுக்குக் கை நடுங்குகிறது, குறுவை நடவுக்கு வயலில் இறங்கலாமா என்று கேட்டிருந்தேன். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம்.

நடுக்கம் மருந்தால்தான். ரத்தத்தில் அதன் அளவு ஏறியிருந்தது. சளிக்கு என்று அப்பா கடையில் கேட்டு வாங்கிய கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்தான் காரணம். டாக்ரோலிமஸைக் கல்லீரலில் உடைக்கும் நொதியை அது தடுத்துவிடுகிறது. பூஞ்சைக்குத் தரும் ஃப்ளூகொனசோலும் அப்படித்தான். பம்ளிமாஸ் பழமும் வேண்டாம் என்றார். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர் எதிர்: அளவை இறக்கிவிடும், உடல் புதுச் சிறுநீரகத்தையே எதிர்க்கத் தொடங்கலாம். அதனால் எந்த மாத்திரையானாலும் முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கே ஆகாது.

இன்னொன்று, பலருக்குத் தெரிவதில்லை: அளவு பார்க்க ரத்தம் கொடுக்கும் நாளில் காலை மாத்திரையைக் கையில் கொண்டுபோய், ரத்தம் கொடுத்த பிறகே போட வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், பொட்டாசியம் மூன்றும் ஏறக்கூடும், அதையும் பார்க்கிறார்கள்.

சரி, வயல். சேற்றுத் தண்ணீரில் எலிக் காய்ச்சல் கிருமி இருக்கலாம், காலில் சிறு கீறல் போதும். எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருப்பவர் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "வரப்புல நின்னு வேடிக்கை பாக்கவா?" என்று அப்பா முறுக்கிக்கொண்டிருக்கிறார். மேட்டூர்த் தண்ணீர் எங்கள் கடைமடைக்கு வருவதற்குள் சமாதானமாகிவிடுவார். காய்ச்சல் வந்தால் மட்டும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள்.