ராஸ்பெரி பைக்காக கிராஸ் கம்பைல் செய்தால் கன்ஃபிகர் முடிகிறது, லிங்க் ஆக மறுக்கிறது

கேள்வி:

வணக்கம். உபுண்டு 22.04 உள்ள எக்ஸ்86-64 மடிக்கணினியில், 64 பிட் டெபியன் 11 இயங்கும் ராஸ்பெரி பை 4-க்காக, யுஎஸ்பி அளவீட்டுக் கருவி ஒன்றைப் படிக்கும் பழைய சி மென்பொருளை பில்டு செய்ய முயல்கிறேன் (ஒரு வகைக் கணினியில் இருந்தபடி வேறு வகைக் கணினிக்கான நிரலை உருவாக்கும் கிராஸ் கம்பைல்). அது ஆட்டோடூல்ஸ் முறையில் அமைந்தது: கன்ஃபிகர் என்ற ஸ்கிரிப்ட் கணினியைச் சோதித்து அமைப்பை முடிவு செய்யும், மேக் என்ற கருவி கம்பைல் செய்து நூலகங்களோடு இணைக்கும் (லிங்க்). பையிலேயே பில்டு செய்யலாம்தான். ஆனால் ஒவ்வொரு சிறு திருத்தத்துக்கும் அதன் முன் காத்திருப்பது சலிப்பூட்டுகிறது.

கன்ஃபிகருக்கு ஹோஸ்ட் (நிரல் ஓடப்போகும் கணினி) என்ற இடத்தில் 64 பிட் ஆர்ம் செயலியைக் குறிக்கும் ஏஆர்ச்64-லினக்ஸ்-க்னூ என்று மட்டும் கொடுத்தேன், பிழையின்றி முடிந்தது. மேக் கொடுத்தபோது, லிப்யுஎஸ்பி (யுஎஸ்பி கருவிகளோடு பேசும் நூலகம்) தேவைப்படாத சிறிய துணை நிரல், 'ஆர்பிஎல்_மேலாக்' என்ற ஃபங்ஷன் கிடைக்கவில்லை என்று நின்றது. அப்படி ஒரு பெயர் எந்த சி கோப்பிலும் இல்லை. பிழை வந்தாலும் தொடரும்படி மேக்கை ஓட்டினால், முதன்மை நிரலில் யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப் அடைவிலுள்ள லிப்யுஎஸ்பி பொருந்தாததால் தவிர்க்கப்படுகிறது என்று லிங்கர் சொல்கிறது. எங்கே தவறு?

மறுமொழி 1:

இரண்டு பிழைகளும் லிங்க் செய்யும்போது வெளிப்பட்டாலும், இரண்டும் பிறந்த இடம் கன்ஃபிகர்தான். ஆகவே மேக்கின் வெளியீட்டை விட்டுவிட்டு, கன்ஃபிகரின் சோதனைப் பதிவான கன்ஃபிக்.லாக் கோப்பைத் திறந்து பாருங்கள்.

மேலாக் (நினைவகம் ஒதுக்கித் தரும் சி ஃபங்ஷன்) சிக்கலை முதலில் எடுத்துக்கொள்வோம். மேலாக்கிடம் பூஜ்ஜிய அளவு நினைவகம் கேட்டால் அது நல் (வெற்று முகவரி) அல்லாத முகவரியைத் தருகிறதா என்று கன்ஃபிகர் ஒரு சிறு நிரலை எழுதி, கம்பைல் செய்து, ஓட்டிப் பார்க்கும். ஆர்ம் நிரல் உங்கள் மடிக்கணினியில் ஓடாது என்பதால், கன்ஃபிகரை உருவாக்கும் ஆட்டோகான்ஃபின் பழைய பதிப்பு எச்சரிக்கையாக 'தராது' என்றே முடிவுகட்டி, மேலாக் வரும் இடமெல்லாம் ஆர்பிஎல்_மேலாக் என்று மாற்றிவிடுகிறது. அந்த மாற்று ஃபங்ஷனை மென்பொருளை எழுதியவர் சேர்த்திருக்க வேண்டும், பெரும்பாலும் சேர்ப்பதில்லை. நீங்கள் தேடிக் கிடைக்காததற்குக் காரணம் அதுவே: அந்தப் பெயர் கன்ஃபிகர் உருவாக்கிய கன்ஃபிக்.ஹெச் கோப்பில் இருக்கும். லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சியின் மேலாக் நல் அல்லாத முகவரியையே தருகிறது, எனவே கன்ஃபிக்.லாகின் இறுதிப் பகுதியில் கேச் மாறிகளின் (சோதனை முடிவுகளைச் சேமிப்பவை) பட்டியலில் மேலாக் என்ற சொல் உள்ள மாறியைக் கண்டு, அதன் மதிப்பை 'யெஸ்' என்று கன்ஃபிகருக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். ஒதுக்கிய நினைவகத்தின் அளவை மாற்றும் ரியலாக்குக்கும் அப்படி ஒன்று இருக்கலாம்.

லிப்யுஎஸ்பி வேறு கதை. அதை மடிக்கணினிக்காக எப்போதோ மூலநிரலிலிருந்து நிறுவியிருப்பீர்கள். நூலகங்கள் எங்கே உள்ளன என்று சொல்லும் கருவி பிகேஜி-கன்ஃபிக். ஏஆர்ச்64 முன்னொட்டுள்ள பிகேஜி-கன்ஃபிக் கிடைக்காதபோது, கன்ஃபிகர் சாதாரண பிகேஜி-கன்ஃபிக்கையே எடுத்துக்கொள்ளும். கருவியின் பெயரில் ஹோஸ்ட் முன்னொட்டு இல்லை என்ற ஓர் எச்சரிக்கை உங்கள் திரையில் ஓடி மறைந்திருக்க வேண்டும். பிகேஜி-கன்ஃபிக்-பாத் என்ற சூழல் மாறி, தேடும் இடங்களோடு புதியவற்றைச் சேர்க்க மட்டுமே செய்யும். பிகேஜி-கன்ஃபிக்-லிப்டிர் என்பதே இயல்பான இடங்களை நீக்கிவிட்டு நீங்கள் சொல்லும் இடத்தை மட்டும் பார்க்க வைக்கும். லிங்கர் இங்கே சண்டை போட்டது உங்கள் நல்ல காலம். ஹெடர் கோப்பு மட்டும் தவறான அடைவிலிருந்து வந்திருந்தால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

மறுமொழி 2:

மேலே சொன்னதோடு ஒன்று: ஹோஸ்டுடன் பில்டு (கம்பைல் செய்யும் கணினி) என்ற தேர்வையும் எக்ஸ்86_64-லினக்ஸ்-க்னூ என்று கொடுங்கள். ஹோஸ்டை மட்டும் கொடுத்தால், இது கிராஸ் கம்பைலா என்பதை ஒரு நிரலை ஓட்டிப் பார்த்தே கன்ஃபிகர் முடிவு செய்யும். என் கணினியில் க்யூஎமு (வேறு செயலிக்கான நிரல்களை ஓட்டும் மென்பொருள்) பின்னணியில் ஆர்ம் நிரல்களை ஓட்டிக் கொடுத்ததால், எல்லாம் உள்ளூர் பில்டு என்றே அது நம்பிவிட்டது. அலுவலகக் கணினியில் உடைந்தது வீட்டில் உடையாத மர்மம் விலக எனக்கு இரண்டு மாலைகள் ஆயின.

கேட்டவர்:

மிக்க நன்றி. கேச் மாறியையும் பில்டையும் கொடுத்தேன். பையிலிருந்து லிப்யுஎஸ்பி கோப்புகளையும் அதன் சார்பு நூலகங்களையும் ஒரு தனி அடைவுக்கு நகலெடுத்து லிப்டிரை அங்கே திருப்பினேன். லிங்க் ஆயிற்று, நிரல் கோப்பின் விவரம் காட்டும் ரீட்எல்ஃப் கொண்டு பார்த்தால் ஏஆர்ச்64 என்றே காட்டுகிறது. ஆனால் பையில் ஓட்டினால், ஜிலிப்சி 2.34 இல்லை என்று நின்றுவிடுகிறது.

மறுமொழி 1:

எதிர்பார்த்ததுதான், முன்பே சொல்லியிருக்க வேண்டும். உபுண்டு 22.04-இன் கிராஸ் கம்பைலர் ஜிலிப்சி 2.35-உடன் லிங்க் செய்கிறது. டெபியன் 11-இல் இருப்பது 2.31. ஆகஸ்ட் 2021-இல் வந்த 2.34-இல், தனியாக இருந்த பித்ரெட் (பல இழைகளை ஓட்ட உதவும்) நூலகம் ஜிலிப்சியின் முதன்மை நூலகமான லிப்சியோடு இணைக்கப்பட்டது. நிரலின் தொடக்க ஃபங்ஷனுக்கும் புதிய பதிப்பு எண் வந்தது. ஆகவே வெறும் 'வணக்கம்' அச்சிடும் நிரல்கூட இந்தப் பிழையைத் தரும்.

நகலெடுத்த அடைவை ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முயல வேண்டாம். மடிக்கணினியில் டெபியன் 11 கன்டெய்னர் (தனித்த லினக்ஸ் சூழல்) ஒன்றை எழுப்பி, தொகுப்புகளை நிர்வகிக்கும் டிபிகேஜி மூலம் ஆர்ம்64 கட்டமைப்பைச் சேர்த்து, கிராஸ்பில்டு-எசென்ஷியல்-ஆர்ம்64 தொகுப்பையும் லிப்யுஎஸ்பியின் ஆர்ம்64 டெவ் தொகுப்பையும் நிறுவுங்கள். கம்பைலர், லிப்சி, லிப்யுஎஸ்பி மூன்றும் பையில் உள்ள அதே தலைமுறையாகிவிடும். உபுண்டுவிலேயே இதைச் செய்தால் ஆர்ம்64 தொகுப்புகள் போர்ட்ஸ் என்ற தனி சர்வரில் இருப்பதால் தொகுப்புகளை இறக்கும் ஏபிடி, 404 (கோப்பு இல்லை) என்று அலறும். டெபியனில் அந்தத் தொல்லை இல்லை.

கேட்டவர்:

கன்டெய்னரில் பழைய பில்டு அடைவை அப்படியே பயன்படுத்தியபோது, முன்பு சேமிக்கப்பட்ட பாதைகள் மீண்டும் வந்து குழப்பின. அதை அழித்து, மூலநிரலைப் புதிதாக விரித்து, கன்ஃபிகரை முதலிலிருந்து ஓட்டினேன். இப்போது நிரல் பையில் ஓடுகிறது. கருவியும் அளவீடுகளைத் தருகிறது.