காந்தத்துக்கு ஒரே நாட்டை நம்பி இருக்கிறது எவ்ளோ ரிஸ்க்?

கேள்வி: 2025 ஏப்ரல்ல சீனா ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அதுல செய்ற காந்தத்துக்கும் எக்ஸ்போர்ட் லைசென்ஸ் வேணும்னு சொன்னதுல இருந்து மனசே சரியில்ல, மோட்டாருக்குள்ள இருக்கிற சின்ன காந்தம் வரலேன்னா மொத்த கார் அசெம்ப்ளி லைனும் நிக்குது, இத்தனை வருஷமா யாரும் இதை யோசிக்கலையா?

பதில் 1: யோசிச்சாங்க. 2010ல சீனாவும் ஜப்பானும் உரிமை கேக்கிற சென்காகு தீவு பக்கம் மீன்பிடி படகு தகராறு வந்தப்ப சீனால இருந்து ஜப்பானுக்கு இந்த அரிய மண் சரக்கு வர்றது தடைபட்டுச்சு, அப்புறம்தான் அவங்க ஆஸ்திரேலியாவோட லைனஸ்ங்கிற அரிய மண் சுரங்க கம்பெனில பணம் போட்டாங்க. மத்த நாடுங்க விலை இறங்கினதும் மறந்துட்டாங்க, அதான் வயித்தெரிச்சல்.

பதில் 2: சுரங்கம் மட்டும் இருந்தா போதாதுங்க. அமெரிக்கால மவுன்டன் பாஸ் சுரங்கத்துல தோண்டினதையே பல வருஷம் சீனாவுக்கு அனுப்பித்தான் பிரிச்சாங்க. இந்த தனிமங்க எல்லாம் கெமிக்கலா அண்ணன் தம்பி மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும், ஆசிட்ல கரைச்சு நூத்துக்கணக்கான ஸ்டேஜ்ல பிரிக்கணும், அந்த கைப்பழக்கம் எடுத்தவுடனே வராது.

கேள்வி கேட்டவர்: அப்ப ஸ்டாக் வெச்சுக்கிட்டா?

பதில் 2: கொஞ்ச நாள் தாங்கும், அவ்ளோதான். சூட்டுல காந்தம் பலம் இழக்காம இருக்கத்தான் அந்த ஏழுல ஒண்ணான டிஸ்ப்ரோசியம் சேர்க்கிறாங்க, அது கம்மியா தேவைப்படுற மாதிரி மோட்டார் டிசைனையும் மாத்தணும்.