திரள்தெரிவு: மீன்களுக்கு ஒரு கலைச்சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

எந்த மீன்கூட்டத்தோடு (திரளோடு) சேர்வது என்று ஒரு மீன் முடிவெடுப்பதை ஆங்கிலத்தில் 'ஷோல் சாய்ஸ்' (shoal choice) என்கிறார்கள். அதற்குத் தமிழாக முந்தைய மடலில் வந்த 'கூட்டத்தேர்வு' எனக்கு ஒட்டவில்லை. கேட்டதும் தேர்வறைதான் நினைவுக்கு வருகிறது. 'கூட்டச் சேர்க்கை' என்றால் கல்லூரி அட்மிஷன்.

சரி, மீன் என்னதான் செய்கிறது? கரீபியன் தீவான டிரினிடாட்டின் ஓடைகளில் கப்பி என்னும் சிறு மீன்களைக் கவனித்தவர்கள், சராசரியாக 14 நொடிக்கு ஒருமுறை ஒரு திரள் இன்னொன்றை எதிர்கொள்வதைக் கணக்கிட்டிருக்கிறார்கள். அப்போதெல்லாம் சில மீன்கள் இங்கிருந்து அங்கே போய்விடும். ஆக, இது ஒருமுறை எழுதி முடிக்கிற தேர்வு அல்ல. எது பெரிய திரள், எதில் தன் அளவு மீன்கள் இருக்கின்றன, எதில் பழகிய மீன்கள் இருக்கின்றன என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. (கப்பிகளுக்கு அந்தப் பழக்கம் ஏற்பட 12 நாள் பிடிக்கும்.) பசித்த மீனோ சிறு திரளை நாடும், அங்கே இரைக்குப் போட்டி குறைவு.

இனம் இனத்தோடு சேர்வதில் உயிரே அடங்கியிருக்கிறது. 1986இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மின்னோ என்னும் வெள்ளி நிறச் சிறு மீன்கள் எட்டு சேர்ந்து நீந்தியபோது எதைக் குறிவைப்பது என்று தெரியாமல், அவற்றை வேட்டையாடும் பாஸ் மீன் திணறியது. அந்த எட்டில் ஒன்றிரண்டுக்கு நீலச் சாயம் ஏற்றியதும் வேட்டை எளிதாகிவிட்டது. சாயம் ஏறிய மீன் மட்டுமல்ல, பக்கத்தில் நீந்திய வெள்ளி மீனும் மாட்டியது. அப்படியானால் யாரோடு சேர்கிறோம் என்று மீன் பார்க்காமல் இருக்குமா?

அதனால் 'திரள்தெரிவு' என்று முன்மொழிகிறேன். 'தெரிவு' புதிதல்ல. இலங்கையில் 'தெரிவுக்குழு', 'இயற்கைத் தெரிவு' என்று அன்றாடம் எழுதுகிறார்கள். ஆய்ந்து எடுப்பது என்ற பொருள் அதில் பளிச்சென்று இருக்கிறது. தளர்வாகச் சேர்ந்திருப்பது திரள். ஒரே திசையில், ஒரே வேகத்தில் அணிவகுத்துப் போவதற்கு 'நிரை' என்று தனிச்சொல் வைத்துக்கொள்ளலாம். ஆநிரை இருக்கும்போது மீன்நிரை ஏன் கூடாது? அப்படி அணிவகுக்கும் மீன்கூட்டத்தை ஆங்கிலத்தில் 'ஸ்கூல்' (school) என்பதால் அதை 'மீன்பள்ளி' ஆக்குகிற கொடுமையும் ஒழியும்.

எழுதிப் பார்த்தேன்: "நடுத்தொட்டியில் ஒற்றைக் கப்பி, கண்ணாடிக்கு அப்பால் ஒருபுறம் எட்டு மீன், மறுபுறம் மூன்று. எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் நின்றது என்று அளப்பது திரள்தெரிவுச் சோதனை." உறுத்தவில்லை.

வினைச்சொல்லில்தான் ஒரு சிக்கல். 'மீன் திரள் தெரிகிறது' என்றால் கண்ணுக்குத் தெரிவதாகப் பொருள் மாறிவிடும். அந்த இடத்தில் மட்டும் 'திரளைத் தெரிந்தெடுக்கிறது' என்று எழுதுகிறேன். அதைவிடச் சுருக்கமான வினை யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.