மூளைச் செல் உட்கரு தவளை முட்டைக்குள் போனால் டிஎன்ஏவா, ஆர்என்ஏவா? உதவி தேவை

சைதாப்பேட்டை மாணவி:
வணக்கம். சென்னையில் விலங்கியல் முதுகலை படிக்கிறேன். வெள்ளிக்கிழமை உட்கரு மாற்றம் (ஒரு செல்லின் உட்கருவை முட்டைக்குள் வைப்பது) பற்றி வகுப்பில் செமினார். கோட்டூர்புரம் அண்ணா நூலகத்தில் குறிப்பெடுக்கும்போது ஓர் இடத்தில் சிக்கிக்கொண்டேன். 1960-களில் ஜான் குர்டன் குழுவினர் வளர்ந்த தவளையின் மூளைச் செல் உட்கருக்களை ஜெனோபஸ் தவளையின் முட்டைக்குள் செலுத்தினார்கள். ஓர் ஆய்வில் டிஎன்ஏ இரட்டிப்பானதாம். இன்னொன்றில் இரட்டிப்பே இல்லை, ஆர்என்ஏதான் உருவானதாம். அதே தவளை இனம், அதே மூளைச் செல். படத்தில் எதைப் போடுவது?

பெரம்பூர் ஆசிரியர்:
இரண்டையும் போடுங்கள் அம்மா. உட்கரு ஒன்றுதான், அது போய்ச் சேர்ந்த செல்தான் வேறு. செய்முறைப் பகுதியில் முட்டை எந்தக் கட்டத்தில் இருந்தது என்று பாருங்கள். தவளை இட்ட முதிர்ந்த முட்டை பிளவுபடக் காத்திருப்பது. அதனால் மூளை உட்கருவும் ஓரிரு மணி நேரத்துக்குள் டிஎன்ஏவை இரட்டிப்பாக்கத் தொடங்குகிறது. சினைப்பையில் வளர்ந்துகொண்டிருக்கும் ஊசைட் (இன்னும் முதிராத முட்டைச் செல்) ஆர்என்ஏவைச் சேமித்துக்கொண்டிருப்பது. அங்கே போன உட்கருவும் ஆர்என்ஏ உருவாக்குகிறது. மூன்றாவது ஒன்றும் உண்டு, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: முதிரத் தொடங்கிய ஊசைட்டில் வைத்தால் உட்கரு உறை கரைந்து, குரோமோசோம்கள் சுருங்கித் தடிக்கின்றன. மூளைச் செல் பிளவுபடுவதையே விட்டுவிட்ட செல் என்பதை மறக்காதீர்கள். அதன் உட்கருவை இப்படி ஆட்டுவிப்பது முட்டையின் சைட்டோபிளாசம், அதாவது உட்கருவைச் சுற்றியுள்ள பகுதி. என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் மிக அழகான சோதனை இதுதான்.

சைதாப்பேட்டை மாணவி:
மிக்க நன்றி ஐயா. உட்கருவுக்குள் உண்மையில் என்ன மாறுகிறது? இவ்வளவு சொன்னபடி கேட்குமென்றால் இப்படி உட்கரு மாற்றி உருவாக்கும் கருக்களில் பெரும்பாலானவை ஏன் இறந்துபோகின்றன?

தரமணி ஆய்வு மாணவர்:
முதலில் உட்கரு பல மடங்கு வீங்கும். இறுகிக் கிடந்த குரோமாட்டின் (டிஎன்ஏவும் புரதங்களும் சேர்ந்த இழை) தளரும். முட்டையின் புரதங்கள் உள்ளே நுழைய, பழையவை பல வெளியேறும். உடல் செல்லின் ஹெச்1 ஹிஸ்டோன் (டிஎன்ஏவைக் கட்டிவைக்கும் புரதங்களில் ஒன்று) போய், முட்டைக்கே உரிய பி4 என்ற புரதம் அந்த இடத்தில் உட்காரும். ஆனால் எல்லாம் கழன்றுவிடுவதில்லை. ஹெச்3 ஹிஸ்டோனின் 9-ஆவது அமினோ அமிலமான லைசினில் மூன்று மெத்தில் தொகுதிகள் ஒட்டியிருக்கும் இடங்கள் பிடிவாதமாகப் பூட்டிக்கிடக்கும். 2014-இல் சுண்டெலியில் அந்த மெத்திலை நீக்கும் நொதியைக் கூடுதலாகக் கொடுத்தபோது, உட்கரு மாற்றிய கருக்கள் பிளாஸ்டோசிஸ்ட் நிலையை (கருப்பையில் ஒட்டுவதற்கு முந்தைய தொடக்கக் கரு) எட்டும் விகிதம் உயர்ந்தது.

நேரமும் ஒரு சிக்கல், தங்கையே. தவளை முட்டை சுமார் 90 நிமிடத்தில் முதல் பிளவுக்குப் போய்விடும், அதன்பின் அரை மணிக்கொருமுறை பிளவு. உடல் செல்லின் உட்கரு அத்தனை வேகத்துக்குப் பழகியதல்ல. இரட்டிப்பு முடியாமலே பிளவு வந்தால் குரோமோசோம்கள் உடைகின்றன. உட்கரு மாற்றத்தால் 1996-இல் பிறந்த டாலி செம்மறிக்காக, உட்கருவைத் தரும் கொடையாளிச் செல்களுக்கு ஊட்டமாகக் கொடுக்கும் சீரத்தைக் குறைத்து அவற்றை ஓய்வுநிலைக்குக் கொண்டுவந்தது முட்டையின் சுழற்சியோடு ஒத்துப்போகத்தான். அப்படியும் 277 செல்-முட்டை இணைப்புகளில் ஒரே ஒரு குட்டி.

பெரம்பூர் ஆசிரியர்:
படத்தில் ஒரே உட்கருவிலிருந்து மூன்று அம்புக்குறி போடுங்கள். ஒவ்வொன்றின் கீழும் முட்டையின் கட்டத்தைக் கட்டாயம் எழுதுங்கள். கேள்வி கேட்பவர்கள் அங்கேதான் பிடிப்பார்கள்.