இன்டர்ன்ஷிப்ல பண்ண வேலைய போர்ட்ஃபோலியோல (நம்ம செஞ்ச வேலைகளோட தொகுப்பு) போட்டு மாட்டினவங்க இருக்கீங்களா?

கிண்டி_பையன்:
மூணாவது வருஷம் அம்பத்தூர்ல ஒரு பேக்கேஜிங் டிசைன் கம்பெனில சம்பளமில்லாம ரெண்டு மாசம் இன்டர்ன்ஷிப். காலேஜ்ல போர்ட்ஃபோலியோ கேட்டாங்க, பண்ணதெல்லாம் பெஹான்ஸ்ல (டிசைனர்ங்க வேலைய எல்லாரும் பாக்குற மாதிரி போடுற வெப்சைட்) ஏத்திட்டேன். அப்புறம் நுங்கம்பாக்கத்துல ஒரு இன்டர்வியூ, பாத்துட்டே வந்த மேடம் ஒரு மசாலா பாக்கெட் வந்ததும் நிறுத்திட்டாங்க. லேப்டாப்ப என் பக்கம் திருப்பி, "இது இன்னும் கடைக்கே வரலையே தம்பி, எப்படி வெளிய போட்டீங்க?" அந்த மசாலாவுக்கு விளம்பர வேலை பாக்குறதே அவங்கதானாம். வேலை போனா போகட்டும். சாயங்காலம் எனக்கு தொழில் கத்துக்குடுத்த அண்ணன் போன் பண்ணாரு, திட்டவே இல்ல, "கிளையன்ட் என்னைக் கேக்குறாருப்பா, எடுத்துடு"ன்னாரு, அவ்ளோதான். அந்தக் குரல் இன்னும் காதுலயே இருக்கு.

வடபழனி_லென்ஸ்:
எனக்கு போட்டோ. ஸ்டுடியோல ட்ரெய்னியா ஒரு கல்யாணத்துக்குப் போனப்போ பொண்ணோட பாட்டி மண்டபத்துப் படிக்கட்டுல தனியா உக்காந்து பூ கட்டிட்டு இருந்தாங்க, யாரும் சொல்லல, நானா பாத்து எடுத்தது. அதான் என் போர்ட்ஃபோலியோல மொத பக்கம். ரெண்டு மாசம் கழிச்சு பொண்ணு மெசேஜ், பாட்டி தவறிட்டாங்க, அந்தப் படத்த எடுத்துடுங்கண்ணான்னு. எடுத்துட்டேன். ஆனா கிண்டி தம்பி பயந்தது தேவையில்லாதது, நீ வரைஞ்சது உன்னுது, சம்பளமே தராதவங்களுக்கு என்ன உரிமை?

தரமணி_அக்கா:
வடபழனி தம்பி, அப்படிப் பட்டுனு சொல்லாதீங்க, புள்ளைங்க நம்பி மாட்டிக்கும். என் ஸ்டூடண்ட் ஒருத்தி ஓஎம்ஆர் கம்பெனிக்கு எழுதின ப்ரோகிராம கிட்ஹப்ல (ப்ரோகிராம் போட்டு வைக்கிற வெப்சைட்) போட்டதுக்கு சர்டிஃபிகேட்டையே நிறுத்தி வச்சுட்டாங்க. 1957 காப்பிரைட் சட்டம் 17வது பிரிவு படி, வேலைல இருந்து வேலைக்காக செஞ்சது முதலாளிக்கு, வேற ஒப்பந்தம் இல்லேன்னா. காசு குடுத்து எடுக்கச் சொன்ன போட்டோ காசு குடுத்தவங்களுக்கு, அதனால பாட்டி படம் பெரும்பாலும் பொண்ணு வீட்டோடதுதான். சம்பளமில்லாத இன்டர்ன் அந்தக் கணக்குல வருவாங்களான்னு வாதாட இடம் இருக்கு, வரமாட்டாங்கன்னா 19வது பிரிவு படி எழுதி கையெழுத்துப் போடாம உரிமைய கை மாத்த முடியாது, எத்தனை வருஷம்னு எழுதலேன்னா 5 வருஷம்தான். ஆனா சேர்ற அன்னைக்கு படிக்காம ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருப்பீங்களே, அதுல என்ன இருக்கு? படைச்சவர் நான்தான்னு சொல்லிக்கிற உரிமை 57வது பிரிவுல இருக்கு, வித்தாலும் போகாது, அதுக்காக படத்த ஊரே பாக்க வைக்கலாம்னு அர்த்தம் இல்ல. கடைக்கு வராத பாக்கெட் விஷயம் காப்பிரைட்டே இல்ல, அது கிளையன்ட் நம்பிக் குடுத்த ரகசியம். கடைசி நாள் கிளம்பறதுக்கு முன்னாடி எதெது போடலாம், எப்போலேர்ந்துன்னு மெயில்ல கேட்டு பதில் வாங்கிடுங்க, வாட்ஸ்அப்ல வேணாம்.

கிண்டி_பையன்:
அக்கா, அந்த பாக்கெட் இப்போ எங்க தெரு முனைக் கடையிலயே தொங்குது, நேத்து பாத்தேன். நான் போட்ட அதே மஞ்சள். இனிமேலாவது போடலாமான்னு அண்ணனைக் கேக்கணும், மெயில் எழுதி வச்சுட்டு இன்னும் அனுப்பல.